ஷீட்டில் புதுத் தேதி, ரிப்போர்ட்டில் பழைய தேதி: எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

எக்ஸெல் கோப்பைத் திறந்தால் இன்றைய தேதி இருக்கிறது. அதே கோப்பிலிருந்து வரும் ரிப்போர்ட்டில் போன மாதத் தேதி நிற்கிறது. ரிஃப்ரெஷ் அழுத்துகிறோம், மறுபடி அழுத்துகிறோம், கோப்பை மூடித் திறக்கிறோம், ஒன்றும் நடப்பதில்லை. கடைசியில் அவசரத்துக்கு ரிப்போர்ட்டிலேயே கையால் தேதியை அடித்து அனுப்பிவிடுகிறோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கையால் அடித்த தேதி அடுத்த மாதம் இன்னொரு பழைய தேதியாக உட்கார்ந்திருக்கும், அப்போது அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. ரிப்போர்ட்டில் தெரிகிற அந்தத் தப்பான தேதி, ஒரு காலத்தில் சரியாக இருந்த தேதியா? அதாவது போன வெள்ளிக்கிழமையோ போன மாதமோ பார்த்திருந்தால் அது சரிதானா? ஆம் என்றால் அது தேங்கிப்போன தேதி: வழியில் எங்கோ ஒரு பழைய நகல் நிற்கிறது. இல்லை, அந்தத் தேதி எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததே இல்லை, 1900 என்றோ 1935 என்றோ நாலு வருஷம் முந்தியோ காட்டுகிறது என்றால் அது திரிந்த தேதி: நகல் புதிதுதான், படிக்கும்போது தப்பாகப் படித்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு. தேங்கியதற்கு ரிஃப்ரெஷ் உதவும், திரிந்ததற்கு ஆயிரம் தடவை ரிஃப்ரெஷ் செய்தாலும் அதே தப்புதான் திரும்ப வரும். பல மணி நேரம் வீணாவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

அப்புறம் ஒரு சின்ன ஏற்பாடு. ஷீட்டில் சந்தேகத்துக்குரிய ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முழு ஷீட்டையும் துரத்த வேண்டாம். அந்தத் தேதி செல்லைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + 1 அழுத்தி, வடிவத்தை ஜெனரல் என்று மாற்றுங்கள். எக்ஸெல் தேதியைத் தேதியாக வைத்திருப்பதில்லை, நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 1 என்பது அதற்கு 45658. ஜெனரலுக்கு மாற்றியதும் இப்படி ஓர் ஐந்து இலக்க எண் வந்தால் அது உண்மையான தேதி. மாற்றியும் 07/11/2025 என்றே அசையாமல் நின்றால் அது தேதி போலத் தெரியும் வெறும் எழுத்து. எண்ணைக் குறித்துக்கொண்டு வடிவத்தைப் பழையபடி மாற்றிவிடுங்கள். இனி அந்த ஒரு வரிசையை ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள்: மூலக் கோப்பில், குவெரியில் (கோப்பிலிருந்து தரவை எடுத்துவரும் கட்டளையில்), ரிப்போர்ட்டுக்குள் வந்த டேபிளில், கடைசியாகத் திரையில். எந்தக் கட்டத்தில் எண் மாறுகிறதோ அங்கேதான் பிழை.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

கடைசியாக யாரோ கோப்பைச் சேமித்த நாளிலேயே தேதி நிற்கிறது

இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், இதுதான் ஆளை அதிகம் சுற்றவிடும். ஷீட்டில் இன்றைய தேதியைத் தரும் டுடே() ஃபார்முலா (TODAY) இருக்கும், அதை வைத்து 'எத்தனை நாள் தாமதம்' என்று ஒரு பத்தி இருக்கும், இரவில் ஒரு ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படித்து ரிப்போர்ட் தயாரிக்கும். ரிப்போர்ட்டில் தாமத நாட்கள் குறைவாக வருகிறது என்று புகார் வரும். நீங்கள் கோப்பைத் திறந்து பார்ப்பீர்கள், எல்லாம் சரியாக இருக்கும்.

சரியாகத் தெரிவதற்குக் காரணமே நீங்கள் திறந்ததுதான். எக்ஸெல் கோப்பில் ஃபார்முலா இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு விஷயங்கள் பதிவாகியிருக்கும்: ஃபார்முலா, அதற்கு எக்ஸெல் கடைசியாகக் கணக்கிட்ட விடை. நீங்கள் திறக்கும்போது எக்ஸெல் டுடே()வைப் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆனால் பைத்தான் ஸ்கிரிப்டோ பவர் குவெரியோ (எக்ஸெலிலும் பவர் பிஐயிலும் உள்ள, தரவை எடுக்கும் கருவி) ரிப்போர்ட் சர்வரோ கோப்பை வெளியிலிருந்து படிக்கும்போது எதையும் கணக்கிடாது, எழுதி வைத்திருக்கும் கடைசி விடையை எடுத்துக்கொண்டு போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை சேமித்த கோப்பு என்றால் திங்கள் காலை ரிப்போர்ட்டிலும் வெள்ளிக்கிழமைதான்.

ஒரு தடவை இதையே மூன்று நாள் தேடினேன். தினமும் காலையில் கோப்பைத் திறந்து பார்ப்பேன், தேதி சரியாக இருக்கும், மூடிவிடுவேன், மறுநாள் ரிப்போர்ட் மறுபடி பழைய தேதியோடு வரும். கண் முன்னாலேயே ஒரு துப்பு இருந்தது: நான் ஒரு செல்லைக்கூடத் தொடாமல் மூடும்போதும் 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று எக்ஸெல் கேட்டது. ஒன்றும் மாற்றவில்லையே என்று நான் வேண்டாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் கேள்விக்கு அர்த்தம், திறந்தவுடன் சில விடைகள் மாறிவிட்டன, கோப்பில் இருப்பது பழையது என்பதுதான். எதையும் தொடாத கோப்பு மூடும்போது சேமிக்கக் கேட்டால், அதில் இந்த மாதிரி தானாக மாறும் ஃபார்முலா இருக்கிறதா என்று தேடுங்கள்.

எக்ஸெலில் திறக்காமலேயே இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் (புது வடிவ எக்ஸெல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான்) உள்ளே ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து TODAY என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஃபார்முலாவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஐந்து இலக்க எண் இருக்கும். ரிப்போர்ட்டுக்குப் போவது அந்த எண்தான்.

தீர்வு: இன்றைய தேதியை ஷீட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஷீட்டில் கெடு தேதி மட்டும் இருக்கட்டும், தாமத நாட்களை ரிப்போர்ட் பக்கத்தில் கணக்கிடுங்கள். டேட்டாபேஸோ பவர் குவெரியோ பைத்தானோ, எல்லாவற்றிலும் இன்றைய தேதியைத் தரும் வசதி இருக்கிறது. ஷீட்டிலேயேதான் வேண்டும் என்றால், படிப்பதற்கு முன் எக்ஸெலே கோப்பைத் திறந்து, கணக்கிட்டு, சேமித்து மூடும்படி ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அது நடக்கும், ஆனால் கணினியில் ஒரு பாப்அப் வந்தால் நின்றுவிடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஓபன்பைஎக்ஸெல் (எக்ஸெல் கோப்பைப் படித்து எழுதும் பைத்தான் நூலகம்) பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'டேட்டா ஒன்லி' என்ற விருப்பத்தோடு திறந்தால் சேமிக்கப்பட்ட விடை கிடைக்கும், அது இல்லாமல் திறந்தால் ஃபார்முலாவே எழுத்தாகக் கிடைக்கும். ஓபன்பைஎக்ஸெல்லே எழுதிச் சேமித்த கோப்பை யாரும் எக்ஸெலில் திறந்து சேமிக்கவில்லை என்றால் விடையே இருக்காது, வெறுமையாக வரும். அதைவிட மோசம், 'டேட்டா ஒன்லி'யில் திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்துவிட்டால் ஃபார்முலாக்கள் எல்லாம் போய் வெறும் மதிப்புகள் மட்டும் மிஞ்சும். அதன் பிறகு அந்தத் தேதி நிரந்தரமாகவே பழையதாக நிற்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. 'ரிப்போர்ட் எடுத்த தேதி' வேறு, 'தரவு எந்தத் தேதி வரைக்குமானது' என்பது வேறு. டுடே() முதலாவதைத்தான் சொல்லும். தரவு ஒரு மாதம் பழையதாக இருந்தாலும் தலைப்பில் இன்றைய தேதி பளிச்சென்று நிற்கும், படிப்பவர் நம்பிவிடுவார். இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இரண்டாவதற்குத் தரவில் இருக்கும் கடைசிப் பதிவின் தேதியை எடுங்கள், அல்லது தரவை நிரப்புபவர் கன்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையை அழுத்தி மாறாத தேதியாகப் போடட்டும்.

எக்ஸெலுக்குள்ளேயே தேதி மாறவில்லை, எஃப்9 அழுத்தினால் மாறுகிறது

கணக்கீடு மேனுவலில் இருக்கிறது. ஃபார்முலாஸ் டேப்பில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். உங்கள் கோப்பில் யாரும் மாற்றவில்லையே என்று நினைக்கலாம். ஆனால் எக்ஸெலில் முதலில் திறந்த கோப்பு எந்த முறையில் சேமிக்கப்பட்டதோ, அதுதான் அந்த நேரத்தில் திறக்கும் மற்ற எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும். யாரோ அனுப்பிய ஒரு கனமான கோப்பை முதலில் திறந்திருப்பீர்கள்.

பழைய வரிசைகள் சரி, ஆனால் கடைசித் தேதி ஓரிடத்தில் நின்றுவிட்டது

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது வரம்பு: ரிப்போர்ட் முதல் 500 வரிசைகளை மட்டும் எடுக்கும்படி எப்போதோ அமைத்திருப்பார்கள், ஷீட் 501க்குப் போய்விட்டது. கன்ட்ரோல் + T அழுத்தி டேபிளாக மாற்றி, ரிப்போர்ட்டை அந்த டேபிள் பெயரோடு இணைத்துவிட்டால், டேபிளை ஒட்டி வரிசை சேரச் சேர வரம்பும் வளரும்.

இரண்டாவது ஃபில்டர். பவர் குவெரியில் தேதிப் பட்டியலைத் திறந்து சில தேதிகளை டிக் செய்து வடிகட்டினால், அந்தக் குறிப்பிட்ட தேதிகள் அப்படியே அந்தப் படியில் எழுதப்பட்டுவிடும். அன்றைக்கு அது சரி, அடுத்த மாதத் தரவு வரும்போது அந்தப் பட்டியலில் அது இருக்காது. டிக் செய்வதற்குப் பதிலாக 'இந்தத் தேதிக்குப் பிறகு' அல்லது 'கடந்த இத்தனை நாட்கள்' என்று நிபந்தனையாகப் போடுங்கள்.

மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. புது வரிசைகள் ரிப்போர்ட்டுக்குள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றின் தேதி எழுத்தாக இருக்கிறது. இருப்பதில் பெரிய மதிப்பைத் தரும் மேக்ஸ்() எழுத்தைக் கணக்கில் எடுக்காது, அதனால் அதற்கு முந்தைய உண்மைத் தேதியையே 'கடைசித் தேதி' என்று தரும். வேறொரு மென்பொருளிலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிசைகளில் இது வழக்கம். மேலே சொன்ன ஜெனரல் சோதனையைக் கடைசிப் பத்து வரிசைகளில் செய்து பாருங்கள்.

ரிஃப்ரெஷ் ஆல் ஒரு தடவை அழுத்தினால் பழையது, இரண்டாம் தடவை அழுத்தினால் புதியது

பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) ஷீட்டை நேரடியாகப் பார்ப்பதில்லை, தனக்கென்று ஒரு நகல் வைத்துக்கொண்டு அதைத்தான் காட்டும். குவெரி, பிவட் இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால், குவெரி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிவட் பழைய தரவை எடுத்து முடித்துவிடுகிறது. குவெரி ப்ராப்பர்டீஸில் பேக்ரவுண்ட் ரிஃப்ரெஷ் டிக்கை எடுத்துவிடுங்கள், வரிசையாக நடக்கும். பிவட் ஆப்ஷன்ஸில் கோப்பைத் திறக்கும்போதே ரிஃப்ரெஷ் ஆகும்படியும் வைக்கலாம்.

ஷீட்டில் அழித்துவிட்ட பழைய தேதிகள் பிவட்டின் வடிகட்டும் பட்டியலில் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தால், அதே ஆப்ஷன்ஸில் டேட்டா டேப்பில் பழைய உருப்படிகளைத் தக்கவைக்கும் எண்ணிக்கையை 'நன்' ஆக்கி ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

என் கணினியில் சரி, மற்றவர்களுக்குப் பழையது

கோப்பு ஒன்றா என்று முதலில் பாருங்கள். இதைச் சொல்லும்போது எல்லோரும் 'அது ஒன்றுதான்' என்பார்கள். டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸைத் திறந்து முழுப் பாதையையும் எழுத்துக்கு எழுத்து படித்தால், ரிப்போர்ட் இன்னும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் நகலைப் படித்துக்கொண்டிருக்கும். கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தியவர்கள் பழையதை அழிக்காமல் விட்டால் பிழைச் செய்தியும் வராது, அதுதான் தொல்லை. பழையதை அழிக்கப் பயமாக இருந்தால் பெயரையாவது மாற்றுங்கள். ரிப்போர்ட் உடனே சிவப்பாக நின்றால் உங்கள் சந்தேகம் சரி.

பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருள்) என்றால், டெஸ்க்டாப்பில் ரிஃப்ரெஷ் செய்தது இணையத்தில் இருக்கும் ரிப்போர்ட்டை மாற்றாது. மறுபடி பப்ளிஷ் செய்ய வேண்டும் அல்லது அங்கேயே ரிஃப்ரெஷ் அமைத்திருக்க வேண்டும். கோப்பு உங்கள் கணினியின் டிரைவில் இருந்தால் அதற்கு கேட்வே (உங்கள் கணினியில் இருக்கும் தரவை இணையச் சேவைக்கு அனுப்பும் மென்பொருள்) வேண்டும், அந்தக் கணினி அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். முன்பே அமைத்த ரிஃப்ரெஷ் தொடர்ந்து நான்கு தடவை தோற்றால் அட்டவணையே முடக்கப்பட்டுவிடும், அதன் பிறகு பாஸ்வேர்டைச் சரிசெய்தாலும் நீங்கள் போய் மறுபடி இயக்கும்வரை தரவு அந்த நாளிலேயே நிற்கும். ரிஃப்ரெஷ் வரலாற்றைத் திறந்து கடைசியாக வெற்றி பெற்ற நாளைப் பாருங்கள். ரிப்போர்ட்டில் நிற்கும் தேதியும் அதுவும் ஒன்றாக இருந்தால் தேடல் முடிந்தது.

கூகுளின் ரிப்போர்ட் கருவியான லுக்கர் ஸ்டூடியோவில் கூகுள் ஷீட்டை இணைத்திருந்தால் 15 நிமிடம் வரை பழையது தெரிவது இயல்பு. மெனுவில் ரிஃப்ரெஷ் டேட்டா கொடுத்தால் உடனே வரும்.

சரியாக ஒரு நாள் மட்டும் குறைவு, அதுவும் காலையில் மட்டும்

நேர மண்டலம். இணையத்தில் ஓடும் பல ரிப்போர்ட் சேவைகளுக்கு 'இப்போது' என்றால் யூடிசி (உலகப் பொது) நேரம். பவர் பிஐயும் இணையத்தில் அப்படித்தான், உங்கள் கணினியில் உள்ளூர் நேரம். யூடிசியைவிட 8 மணி நேரம் முந்தி இருக்கும் இடத்தில் காலை 7 மணிக்கு ரிப்போர்ட்டைத் திறந்தால் சர்வருக்கு இன்னும் முந்தைய நாள் இரவு 11 மணிதான். மதியம் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், அதனால் இந்தப் புகாரை யாரும் நம்புவதில்லை. யூடிசி நேரத்தை எடுத்து, உங்கள் மணி வித்தியாசத்தைக் கூட்டி, பிறகு தேதியாக்குங்கள்.

எல்லா நேரத்திலும், எல்லா வரிசையிலும் ஒரு நாள் குறைந்தால் காரணம் வேறு: நள்ளிரவு 12 மணியாக இருந்த தேதியை இடையில் ஏதோ ஒரு படி யூடிசிக்கு மாற்றி, முந்தைய நாளுக்குத் தள்ளிவிட்டது. நேரம் தேவையில்லாத இடத்தில் தேதி மட்டும் உள்ள வகையையே பயன்படுத்துங்கள்.

இதுவரை பெரும்பாலும் தேங்கியவை. இனி திரிந்தவை.

நாலு வருஷமும் ஒரு நாளும் வித்தியாசம்

1462 நாட்கள் என்று கணக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம். எக்ஸெலில் நாள் எண்ணும் முறை இரண்டு உண்டு, ஒன்று 1900இல் தொடங்குவது, இன்னொன்று 1904இல் தொடங்குவது. இரண்டாவது பழைய மேக் காலத்து முறை. 1904 கோப்பிலிருந்து எண்ணை மட்டும் எடுத்து 1900 முறையில் படித்தால் தேதி நாலு வருஷமும் ஒரு நாளும் முந்திப் போய்விடும். எக்ஸெல் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் அந்தக் கோப்புக்கு 1904 டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உடனே டிக்கை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் கோப்பில் இருக்கும் எல்லாத் தேதியும் நகர்ந்துவிடும்; படிக்கும் இடத்தில் 1462 கூட்டுவதுதான் பாதுகாப்பு.

1899, 1900 அல்லது 1970

காலி செல். காலியான செல்லைச் சுட்டும் ஃபார்முலா பூஜ்யம் தரும், பூஜ்யத்தைத் தேதியாக்கினால் எக்ஸெலில் 1900 ஜனவரி 0, பவர் குவெரியிலும் கூகுள் ஷீட்ஸிலும் 1899 டிசம்பர் 30. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் 1900ஐ லீப் வருஷமாக எண்ணிய லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் தவறை எக்ஸெல் வேண்டுமென்றே அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் இல்லாத பிப்ரவரி 29 ஒன்று அதன் கணக்கில் இருக்கிறது, மற்றவை தொடக்க நாளைப் பின்னால் தள்ளி அதைச் சமன் செய்கின்றன. நமக்கு வேண்டியது, காலியாக இருந்தால் காலியாகவே விடும்படி ஃபார்முலாவில் ஓர் இஃப்() சேர்ப்பது.

1970 என்றால், எக்ஸெலின் நாள் எண்ணை வினாடியாகவோ அதைவிடச் சிறியதாகவோ எடுத்துப் படித்திருக்கிறது. 45658ஐ வினாடி என்று எடுத்தால் 1970 ஜனவரி 1, மதியம் 12:40:58. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் எண்ணைத் தேதியாக்கும்போது அலகு நாள் என்றும் தொடக்கம் 1899-12-30 என்றும் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

சில தேதிகள் மட்டும் மாதக்கணக்கில் பின்னால் போகின்றன

நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. நவம்பர் 7 என்று எழுதிய 07/11/2025 ஜூலை 11 ஆகிவிட்டது, பார்ப்பவருக்கு நாலு மாதம் பழைய தரவு. 25/11/2025 மட்டும் தப்பித்துவிடும், ஏனென்றால் 25ஆவது மாதம் இல்லை; ஆனால் அது எழுத்தாக நின்றுவிடும். ஒரே பத்தியில் நாள் 12 வரை உள்ளவை வலப்பக்கம் ஒட்டியும், 13க்கு மேல் உள்ளவை இடப்பக்கம் ஒட்டியும் தெரிந்தால் இதுதான்.

சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்கும்போது இது அதிகம் நடக்கிறது. எக்ஸெல் உங்கள் கணினியின் வட்டார அமைப்பை வைத்து ஊகிக்கிறது, கோப்பை உருவாக்கியவரின் அமைப்பு வேறாக இருக்கும். அப்படித் திறந்து சேமித்ததைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள். டேட்டா டேப் வழியாக எடுத்து, பவர் குவெரி தானாகச் சேர்க்கும் சேஞ்ச்ட் டைப் படியை நீக்கிவிட்டு, யூசிங் லோகேல் மூலம் நாள் முதலில் வரும் வட்டாரத்தைச் சொல்லுங்கள். பாண்டாஸில் வடிவத்தையே முழுதாக எழுதிக் கொடுங்கள். அனுப்புபவர் கேட்பார் என்றால் 2025-11-07 மாதிரி வருஷம் முதலில் வரும்படி அனுப்பச் சொல்லுங்கள், இந்தத் தொல்லை அடியோடு போகும்.

எதிர்காலத் தேதி நூறு வருஷம் பின்னால்

2035இல் முடியும் ஒப்பந்தம் 1935 என்று வருகிறது. வருஷத்தை 35 என்று இரண்டு இலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். எந்த எண் வரை 2000களில் சேர்ப்பது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்: எக்ஸெலில் நெடுங்காலமாக எல்லை 29 (விண்டோஸ் அமைப்பைப் பொறுத்து மாறலாம்), எஸ்க்யூஎல் சர்வரில் 49, பைத்தானில் 68. அதனால் ஒரே கோப்பு ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் தப்பாகவும் வரும். நாலு இலக்கமாக எழுத வைப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி இல்லை.

சரிசெய்த பிறகு அன்றைக்கே பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள், ஏனென்றால் கோப்பை நீங்கள்தான் இப்போது திறந்து சேமித்திருக்கிறீர்கள், எல்லாம் புதிதாகத்தான் தெரியும். மறுநாள் காலை, யாரும் மூலக் கோப்பைத் தொடுவதற்கு முன்னால், முதலில் குறித்துவைத்த அந்த ஒரு வரிசையை ரிப்போர்ட்டில் பாருங்கள்.